மாமன் மடக்கிய கால்

முதலில் தப்புச் செய்தது மூடுமலைதான். அதைச் சொல்லாமல் அல்லியாற்றின் கதையைச் சொல்கிறவர்கள் மேற்கத்திக்காரர்கள். கிழக்கே இந்தச் சின்னக் கரட்டுக் குன்றின் அடியில் இருக்கிற நாங்கள் அப்படிச் சொல்ல மாட்டோம்.

மலைகள் பேசி, உட்கார்ந்து, எழுந்து நின்ற அந்தக் காலத்தில், எங்கள் செம்பன் கரட்டுக்கு ஒரே தங்கை. காரி என்று பெயர், மழைமேகம் அவள். அவளை மேற்கே மூடுமலைக்குக் கட்டிக் கொடுத்தது கரடு. போனவள் புருஷன் தோளை விட்டு இறங்கவில்லை. பெய்கிற மழையெல்லாம் அங்கேயே பெய்தாள். அவர்களுக்குப் பிறந்தவள்தான் அல்லியாறு. மூடுமலை பாறை இடுக்கெல்லாம் தண்ணீரைச் சேர்த்து வைத்து, கோடையிலும் பிள்ளை வாய் காயாமல் சொட்டுச் சொட்டாக ஊட்டி வளர்த்தது. அதில் குறை சொல்ல முடியாது.

அல்லி பெரியவளானாள். கடலுக்குப் பேசி முடித்தார்கள். இருவாச்சிப் பறவையிடம் தாம்பூலத் தட்டைக் கொடுத்து மூடுமலை அழைப்பு அனுப்பியது. வேங்கை மரத்துக்கு, தேன்பாறைக்கு, குரங்குக் கூட்டத்துக்குக்கூட வெற்றிலை போயிற்று.

"கரட்டு மாமாவுக்கு?" என்று இருவாச்சி கேட்டது.

"நம்ம மச்சானுக்கு எதுக்குத் தட்டு? பொண்ணு போற வழியிலதானே நிக்கறார். பாத்தாச் சொல்லிக்கலாம்" என்றது மூடுமலை.

தாய்மாமனை வழியில் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தது பாருங்கள், அங்கேதான் எல்லாம் கெட்டது.

அல்லி நுரையும் பூவுமாகக் கிழக்கே நேராக ஓடி வந்தாள். அதுவரை நின்றுகொண்டிருந்த கரடு, அவள் சத்தம் கேட்டதும் மேற்கைப் பார்த்துக் குறுக்கே உட்கார்ந்தது. இரண்டு காலையும் அகட்டி நீட்டிக்கொண்டது.

"மாமா, எந்திரிங்க. நேரமாச்சு."

"யாரு சாமி நீ? எனக்கு யாரும் சொல்லலையே."

"விளையாடாதீங்க மாமா."

"உங்கப்பன் தட்டோட ஆளனுப்பட்டும். குரங்குக்கெல்லாம் வெத்தலை வச்சானாமே. எனக்கு வாலில்லைன்னு விட்டுட்டானா?"

மேற்கே இருந்து மூடுமலை இடியாய்க் கத்தியது. "மச்சான்! நல்ல காரியத்துல மல்லுக்கு நிக்காதீங்க!"

"எங்க நிக்கறேன் மாப்பிள்ளை? உக்காந்துதானே இருக்கேன்."

இனித் தட்டு அனுப்பினால் தன் மானம் போய்விடும் என்று மூடுமலை வாயை மூடிக்கொண்டது. அண்ணனுக்கும் புருஷனுக்கும் நடுவில் என்ன பேசுவதென்று தெரியாமல் காரி எங்கோ போய் ஒதுங்கிக்கொண்டாள். மழை நின்றது.

அல்லி கரட்டின் காலடியில் குளமாய்த் தேங்கினாள். வெயில் அவளைக் குடித்தது. ஓரத்தில் சேறு வெடித்தது. கெண்டை மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடின. இன்னும் கொஞ்சம் போனால், கடலைப் போய்ச் சேர அவளிடம் தண்ணீரே இருக்காது.

"மாமா" என்றாள், குரல் இறங்கிப்போய். "அப்பா அனுப்ப மாட்டார். நீங்களும் எந்திரிக்க மாட்டீங்க. நான் இங்கேயே வத்திப் போறேன். பரவாயில்லை, தாய்மாமன் வீடுதானே."

கரடு மனசுக்குள் கணக்குப் போட்டது. எழுந்தால் மேற்கே சிரிப்பார்கள். உட்கார்ந்தே இருந்தால் பிள்ளை போய்விடும்.  பிறகு இடது காலை மட்டும் மெல்ல மடக்கிக்கொண்டது.

"சுத்திப் போ கண்ணு. நான் எந்திரிச்சேன்னு எவனும் சொல்லக் கூடாது."

அவள் மெலிந்த உடம்போடு தெற்கே திரும்பிப் போவதைப் பார்த்ததும் அதற்குப் பொறுக்கவில்லை. "இரு இரு. வெறுங்கையோடவா போவே? கடல்காரன் நம்மளை என்ன நினைப்பான்?" என்று தன் விலாவைப் பிளந்தது. தன் மரங்களுக்கென்று நெஞ்சுக்குள் வைத்திருந்த சுனையெல்லாம் மாமன் சீராக அவளோடு போய்ச் சேர்ந்தது.

அன்று முதல்தான் அல்லியாறு எங்கள் கரட்டடியில் தெற்கே வளைந்து, அந்தச் சுனைநீர் ஓடிவரும் சிற்றாற்றையும் சேர்த்துக்கொண்டு, அகன்று கடலுக்குப் போகிறது. கரட்டில் முள்ளும் பாறையும்தான் மிச்சம். ஆடி மாதமானால் மூடுமலை தன் உடம்பிலிருந்து செம்மண்ணைக் கரைத்து அனுப்புகிறது. நல்ல மண்தான், வயலில் வாங்கிக்கொள்கிறோம். ஆனால் வெற்றிலை வைத்து ஒரு வார்த்தை, அது இன்னும் வரவில்லை.