பொத்தான் இல்லாத பியானோ

பியானோ சொல்லித்தரும் மச்சாது மாஸ்டரிடம் விஷயத்தைத் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பிலோமினாவுக்கு வழி நெடுகப் பயம். மாஸ்டர் அவளைவிட ஏழு வயது சின்னவர். ஆனாலும் பாடகியாகப் பேர் வாங்கிய பிறகும், சந்தேகம் என்றால் அவரிடம்தான் வருவாள்.

முன்னுக்குப் பின்னாகத்தான் சொன்னாள். இருபத்திரண்டு வயதில் அவளே எழுதி, மெட்டுப் போட்டு, பியானோ வாசித்துக்கொண்டே பாடிய பாட்டு. கல்யாண வீட்டிலும் பஸ்ஸிலும் இன்றைக்கும் ஒலிக்கிறது. அதைப் பாடாமல் எந்த மேடையிலிருந்தும் அவளை இறங்க விட்டதில்லை. இப்போது வயது நாற்பத்தெட்டு. குரல் அந்த உயரத்துக்குப் போக மாட்டேன் என்கிறது.

எட்டு வருஷமாக கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்திச் சமாளிக்கிறாள். விரல்கள் பழைய இடத்திலேயே ஓடும், ஸ்ருதி மட்டும் இறங்கிவிடும். ஒருத்தருக்கும் தெரியாது. வருகிற சனிக்கிழமை பெரிய அரங்கில் கச்சேரி. விழாக்காரர்கள் அவளுக்கு மரியாதையாக நிஜப் பியானோவே வரவழைத்திருக்கிறார்கள். அதில் பொத்தான் கிடையாது.

"குரலை ஏத்த வழி இருக்கா மாஸ்டர்?"

அவர் தன் பியானோவின் மூடியைத் திறந்தார்.

"நாலு கட்டை இடப்பக்கம் தள்ளி, கீழே இருந்து வாசிங்கக்கா."

வாசித்தாள். இரண்டாவது வரியிலேயே விரல்கள் பழைய இடத்துக்கு ஓடின. மறுபடி தொடங்கினாள். மறுபடி ஓடின.

"யாரு எழுதின பாட்டு இது?"

"கிண்டல் பண்ணாதீங்க மாஸ்டர்."

அவர் சிரிக்கவில்லை. விரல் விரலாகத் தேடி வாசிக்கச் சொல்லிவிட்டு, ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டார். நேற்றுச் சேர்ந்த பிள்ளையைப் போல அவள் கட்டை கட்டையாகத் தடவினாள். கட்டை அகப்பட்டால்தான் அடுத்த சொல் வந்தது.

'போய் வா என்றுதானே சொன்னேன்.'

மெட்டு நிரம்பட்டும் என்று அன்றைக்கு எழுதிப்போட்ட வரி. ஆயிரம் மேடைகளில் உச்சத்தில் கத்திக் கைதட்டு வாங்கிய வரி. தாழ்ந்த குரலில், ஒவ்வொரு சொல்லாக அது வந்தபோது அவள் கை மயிர் சிலிர்த்தது. வாசிப்பை நிறுத்திவிட்டாள்.

"இதை நானா எழுதினேன்?"



கொஞ்ச நேரத்தில் அவளுக்குப் பழைய பயம் வந்துவிட்டது. "மேடையில இப்படித் தேடிக்கிட்டு நின்னேன்னா?"

"நில்லுங்க."

"ஆறாயிரம் பேர் முன்னாடியா?"

"அவங்களும் இருபத்தாறு வருஷமா இந்தப் பாட்டை நிக்காமத்தானே கேட்டிருக்காங்க."

சனிக்கிழமை அந்தப் பெரிய பியானோவின் முன் உட்கார்ந்து, நாலு கட்டை தள்ளித் தொடங்கினாள். முதல் வரியைப் பாடியதுமே அரங்கம் ஆரவாரித்தது. அந்த வரி நெருங்கியது. எந்தக் கட்டை என்று விரலுக்குத் தெரியவில்லை.

தப்பாக வாசித்துவிடாமல் இருக்க அவளால் முடிந்தது ஒன்றுதான். விரல் இடத்தைக் கண்டுபிடிக்கும் வரை பாடாமல் இருந்தாள்.

ஆறாயிரம் பேரில் ஒருவர்கூட இருமவில்லை.