வட்டம் போட்ட சொல்

"இந்தச் சொல்லுல என்ன தப்பு இருக்கு, சாமி?"

வந்ததும் வராததுமா தஸ்நேவிஸ் வாத்தியாரு கேட்டது இது. ஒரு கும்பிடு கூடப் போடல. காகிதத்தத்தான் நீட்டினாரு.

பெர்க்மான்ஸ் சாமி சாளை மீன் கழுவிக்கிட்டு இருந்தாரு. ஈரக் கையத் தூக்கிக் காட்டினாரு.

"நீரே வாசியும்."

சாமியப் பத்திச் சொல்லிருதேன். கோயில் பங்குச் சாமியார் வேலையில இருந்து ஓய்வு வாங்கி, கடற்கரையில சிலுவை நட்ட குருசடிக்குப் பக்கத்துல ஒத்த அறையில இருந்தாரு. பிரசங்கம் எல்லாம் விட்டாச்சு. சந்தேகம்னு யாராவது போனா ரெண்டு வார்த்த சொல்லுவாரு. மூணாவது வார்த்தைக்கு அடுத்த வாரம் போணும்.

வாத்தியாரு வெள்ளிக்கிழமை தவறாம போவாரு. தன்னைச் சாமியோட சீடன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. சாமி ஒருநாளும் அப்படிச் சொன்னதில்ல.

வாத்தியாரு கண்ணாடிய மாட்டினாரு. இங்கிலீஷ் காகிதம். தமிழ்ல எழுதிக் குடுத்தாப் போதும்னு தாலுகா ஆபீஸ்ல சொல்லத்தான் செஞ்சாங்க. காலேஜில முப்பத்திரண்டு வருசம் இங்கிலீஷ் நடத்தின மனுசன் கேப்பாரா? உசிரக் கேட்டாலும் குடுப்பாரு, ஒரு கமாவக் குடுக்கமாட்டாரு.

விசயம் இதுதான்.

அவரு மகன் ஆன்றோ ஆழ்கடலுக்குப் போயி எட்டு வருசம் ஆச்சு. அந்த வருசப் புயல்ல போட்டுல இருந்த ஒம்பது பேருல ஒருத்தனும் திரும்பல. ஒரு பலகை கூடக் கரைக்கு ஒதுங்கல. மத்த எட்டு வீட்டுலயும் பூசை வச்சு, சிலுவை நட்டு, அழுது முடிச்சாச்சு. வாத்தியாரு வீட்டுல மட்டும் ஒண்ணும் நடக்கல.

மருமக ஷைனிக்கு முப்பத்தொரு வயசு. பக்கத்து ஊருல கின்ஸ்டன்னு ஒருத்தன். பெண்டாட்டி செத்துப் போயி, சின்னதா ஒரு பொம்பளப் பிள்ளையோட நிக்கான். ஷைனியக் கட்டிக்கிடுதேன்னு வந்து கேட்டான். அவளுக்கும் சம்மதம். மாசக் கடைசியில அவன் தோகாவுக்கு வேலைக்குத் திரும்பணும். போனா ரெண்டு வருசம் வரமாட்டான். அதுக்குள்ள கல்யாணம் நடக்கணும்னா ஆன்றோ இறந்துட்டான்னு பதிவாகணும். அதுக்குத் தகப்பன் கையெழுத்துப் போட்ட காகிதம் ஒண்ணு வேணும்.

அந்தக் காகிதம் மூணு தடவ போயி மூணு தடவையும் திரும்பி வந்துட்டு. மூணு தடவையும் ஒரே சொல்லச் சுத்தித்தான் சிவப்பு வட்டம்.

"'மை சன் ஹேஸ் நாட் ரிட்டர்ன்ட் யெட்.' என் மகன் இன்னும் திரும்பி வரல. எவ்வளவு லட்சணமா இருக்கு பாருங்க. இதுல அந்த 'யெட்' வேண்டாங்கான் சாமி, கிளார்க்குப் பய. எடுத்துட்டுக் கொண்டாங்கான். அவனுக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"எடுத்தா என்ன?"

"வாக்கியம் மொட்டையா நிக்கும்."

"நிக்கட்டும்."

"அர்த்தமே மாறிரும் சாமி!"

"எப்படி மாறும்?"

கேட்டுட்டாரே! வாத்தியாரு சப்பணம் போட்டு உக்காந்துட்டாரு. எதிர்ல அறுபது பிள்ளைங்க இருக்கிற மாதிரி ஆரம்பிச்சாரு.

"'யெட்'னா இந்த நிமிசம் வரைக்கும்னு ஒரு அர்த்தம். 'ஆனாலும்'னு ஒரு அர்த்தம். 'போதாக்குறைக்கு இன்னொண்ணு'ன்னு ஒரு அர்த்தம். இதுக்கெல்லாம் மேல, என்னைக்காவது ஒருநாள்னும் உண்டு. 'ஹி மே யெட் கம்.' அவன் இனியும் வரக்கூடும். மூணே எழுத்து சாமி. அதுக்குள்ள இவ்வளவும் இருக்கு. அதப் போயி…"

கண்ணாடியக் கழத்தி வேட்டியில துடைச்சாரு.

சாமி கடைசி மீனையும் கழுவிச் சட்டியில போட்டாரு. வெளிய எட்டிப் பாத்தாரு. புன்ன மரத்தடியில ஷைனி நின்னுக்கிட்டு இருந்தா. வாத்தியார ஸ்கூட்டியில கூட்டிக்கிட்டு வந்தவ அவதான். மாமா பேசி முடிக்கட்டும்னு உள்ள வரல.

"பிள்ளே, இங்க வா."

வந்தா.

"ராத்திரி உறக்கம் எப்படி இருக்கு உனக்கு?"

இது என்ன கேள்வின்னு வாத்தியாரு முழிச்சாரு. ஷைனி மாமாவப் பாத்தா. பிறகு தரையப் பாத்தா.

"உறங்கமாட்டேன் சாமி."

"ஏன்?"

"முன்வாசக் கதவ மாமா தாழ்ப்பாப் போட விடமாட்டாவ. அவிய கடல்ல இருந்து வந்தா வெளிய நிக்கக் கூடாதுன்னு. எட்டு வருசமா திறந்துதான் கிடக்கு. நான் வெட்டுக்கத்தியப் பாய்க்கு அடியில வச்சுக்கிட்டுப் படுப்பேன்."

வாத்தியாரு அவ பக்கம் திரும்பினாரு.

"மக்ளே, எங்கிட்ட நீ இதச் சொன்னதே இல்லையே."

"நீங்க கேட்டதில்ல மாமா."

கோவமா ஒண்ணும் சொல்லல, சும்மாத்தான் சொன்னா. சொல்லிட்டு மரத்தடிக்கே திரும்பிப் போயிட்டா.

நானா இருந்தா அந்த இடத்துலயே கையெழுத்துப் போட்டுட்டு மண்ணுக்குள்ள போயிருப்பேன். வாத்தியாரு அசையல. படிச்ச மனுசனுக்கு எதுக்கும் ஒரு பதில் இருக்கும் பாருங்க.

"இன்னைக்கே தாழ்ப்பாப் போட்டுருதேன் சாமி. நான் செஞ்சது பாவம்தான். ஆனாக்க பொய் எழுதமாட்டேன். ஆன்றோ செத்தத நான் பாத்தேனா? யாராவது பாத்தாங்களா?"

சாமி துண்டுல கையத் துடைச்சுக்கிட்டு எதிர்ல உக்காந்தாரு.

"அவன் போன அன்னைக்கு நான் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கிட்டு இருந்தேன். படிப்ப விட்டுட்டுக் கடல் தொழிலுக்குப் போயிட்டானேன்னு எனக்கு அவன்மேல கோவம். வாசல்ல நின்னு 'வாரேன்ப்பா'ன்னான். நான் தலையத் தூக்கல. 'ம்'ன்னேன். அவ்வளவுதான் சாமி. அந்தப் பேப்பர்ல அம்பத்திரண்டு மார்க். அது எனக்கு ஞாபகம் இருக்கு. எம்பிள்ள அன்னைக்கு என்ன சட்ட போட்டிருந்தான்னு எனக்குத் தெரியாது."

அழுதாரு. வாய்விட்டே அழுதாரு.

"வாரேன்னுதானே சாமி சொன்னான். சொன்னவன் வரணும்லா?"

சாமி ஒரு சொம்புத் தண்ணி கொண்டு வச்சாரு. வாத்தியாரு குடிச்சு முடிச்சாரு. பிறகு சாமி கேட்டாரு.

"அந்தச் சொல்லு எங்க இருந்து வந்தது?"

"எந்தச் சொல்லு?"

"வட்டம் போட்டிருக்கே, அது."

"அதுவா? தெரியாது சாமி."

"உமக்கா தெரியாது?"

"யாருக்குமே தெரியாது. ஆயிரம் வருசத்துக்கு முந்தின ஏட்டுலயே அது இருக்கு. இங்கிலாந்துக்கு எதிர்க் கரையில ஃப்ரீசியன்னு ஒரு பாஷை உண்டு. அதுல இதுக்குச் சொந்தக்காரச் சொல்லு ஒண்ணு கிடக்கு. அதுக்கு அந்தாண்ட தடமே இல்ல."

"தேடினாங்களா?"

"தேடாம இருப்பாங்களா! பெரிய பெரிய ஆளுங்க சாமி. சொல்லுக்காக ஆயுசக் குடுத்தவங்க. ஜெர்மன்ல தேடினாங்க, அதுக்கும் பழைய பாஷையில தேடினாங்க. இதா இருக்கும் அதா இருக்கும்னு சண்டையே போட்டாங்க. ஒண்ணும் அகப்படல."

"பிறகு?"

"பிறகென்ன? 'மூலம் தெரியவில்லை'ன்னு அகராதியில எழுதினாங்க."

"எழுத மனசு வந்துதா?"

"எப்படி வரும்? அவ்வளவு பாடுபட்டவங்களுக்குக் கை நடுங்கித்தான் இருக்கும். ஆனா அகராதிய முடிக்கணும்லா சாமி. இன்னும் எத்தன சொல்லு பின்னால காத்துக்கிட்டு நிக்கும்."

சொல்லிட்டு வாத்தியாரு நிறுத்தினாரு. புன்ன மரத்துப் பக்கம் அவரு கண்ணு போச்சு. சட்டுன்னு திரும்பிக்கிட்டாரு.

சாமி விடல.

"எழுதின பிறகு?"

"அடுத்த சொல்லுக்குப் போயிட்டாங்க."

"அடுத்த சொல்லு என்ன?"

வாத்தியாரு கையில முப்பது வருசமாப் பொரண்ட சின்ன அகராதி ஒண்ணு உண்டு. முழுக்க மனப்பாடம். எந்தப் பக்கத்தக் கேட்டாலும் டக்குன்னு சொல்லுவாரு. இதுக்குச் சொல்லல.

"என்ன ஓய், மறந்துட்டீரா?"

"ஒரு மரம் சாமி."

"என்ன மரம்?"

"யூ மரம்னு சொல்லுவாங்க. நம்ம பக்கம் கிடையாது."

"அங்க எங்க வைப்பாங்க அத?"

வாத்தியாரு சொம்பக் கையில எடுத்தாரு. அதுல தண்ணி இல்ல. கீழ வச்சாரு.

"கல்லறைத் தோட்டத்துல."

சாமி அவரு தோள்ல கை வைக்கல. ஆறுதல் சொல்லல. மீன்சட்டிய எடுத்துக்கிட்டு அடுப்புப் பக்கம் போயிட்டாரு.

வாத்தியாரு காகிதத்த மடியில விரிச்சாரு. பிறகு சட்டைப் பையில இருந்து பேனாவ எடுத்தாரு. முப்பத்திரண்டு வருசம் எத்தனையோ ஆயிரம் சொல்ல அடிச்ச கை. மூணு எழுத்த அடிக்க முடியாமக் கிடந்து நடுங்கிச்சு. இடது கையால வலது கையப் பிடிச்சுக்கிட்டு ஒரு கோடு இழுத்தாரு. காகிதம் கொஞ்சம் கிழிஞ்சிட்டு. கீழ கையெழுத்துப் போட்டாரு.

எந்திரிச்சு வெளிய போனாரு.

ஷைனி ஓடி வந்தா.

"சாமி என்ன சொன்னாவ மாமா? எழுதிட்டீங்களா?"

வாத்தியாரு காகிதத்தக் குடுத்தாரு. அவ திருப்பித் திருப்பிப் பாத்தா. பத்தாவதோட படிப்ப நிறுத்தினவ.

"இது எனக்கு வாசிக்க வரமாட்டேங்கு. என்ன எழுதியிருக்கீங்க மாமா?"

அந்த மனுசன் தமிழ்ல சொல்ல வேண்டியதாப் போச்சு.

"ஆன்றோ செத்துப் போனான் மக்ளே."

கின்ஸ்டன் வந்து கேட்ட நாள்ல இருந்து இந்தக் காகிதத்துக்குத்தான் அவ கெஞ்சிக்கிட்டு இருந்தா. கல்யாணச் சேலைக்குக் கலர் கூடப் பாத்து வச்சிருந்தா. காகிதத்த நெஞ்சோட சேத்துப் பிடிச்சுக்கிட்டு அப்படியே மணல்ல உக்காந்துட்டா. வாய் கோணிக்கிட்டு அழுகை வந்துச்சு.

"எப்பம் மாமா?"

வாத்தியாரும் அவ பக்கத்துல மணல்ல உக்காந்தாரு.

"இப்பந்தான் மக்ளே."