எழுநூற்றைம்பது கிலோ வீடு

“தள்ளுங்க மாமா, அழுத்தித் தள்ளுங்க” என்றான் செங்கோடன்.

அவனும் அவன் தாய்மாமன் நாச்சிமுத்துவும் வெல்டிங் பட்டறை குழந்தைவேலும் சேர்ந்து லோடு வண்டியை எடைமேடைமீது தள்ளிக்கொண்டிருந்தார்கள். வண்டி நன்றாக ஓடக்கூடிய வண்டிதான். டீசல் இருந்தது. சாவி செங்கோடனின் சட்டைப்பையில் இருந்தது. ஆனால் எடைமேடைக்காரர், “முதல்ல வண்டியைக் காலியா ஏத்துங்க” என்று சொல்லியிருந்தார். காலி என்றால் டிரைவரும் இருக்கக் கூடாது.

வண்டி மேடையில் ஏறியது. மூவரும் அதைப் பிடித்தபடி மேடைமேலேயே நின்றார்கள்.

“எறங்குங்கப்பா” என்று கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

மூவரும் கையை எடுத்துவிட்டு இறங்கினார்கள். வண்டியும் அந்தப் பக்கமாக இறங்கிப்போய் வேலியில் முட்டி நின்றது.

“ஹேண்ட் பிரேக் போடறதுக்கென்ன?”

“பிரேக்கைப் பிடிச்சா ஆளு உள்ள இருக்கற மாதிரிதானுங்களே?” என்றார் நாச்சிமுத்து. “அப்பறம் எப்படிக் காலி?”

எடைமேடைக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு தானே வந்து வண்டியை ஓட்டி மேடையில் நிறுத்தி, பிரேக் போட்டு, இறங்கி, கூண்டுக்குப் போய் எடையைக் குறித்துக்கொண்டார். “இப்ப வீட்டை ஏத்திட்டு வாங்க” என்றார்.

வீடு சாலையோர வேப்பமரத்தடியில் நான்கு இரும்புக் கால்களில் நின்றுகொண்டிருந்தது. குழந்தைவேல் செய்தது. வண்டியைப் பின்னால் விட்டால் வீட்டுக்கு அடியில் போய்விடும். கால்களைத் தூக்கி மடித்தால் வீடு வண்டியின் முதுகில் உட்கார்ந்துகொள்ளும். தகரச் சுவர், தகரக் கூரை, ஒரு கதவு, ஒரு ஜன்னல், உள்ளே ஒரு கட்டில், ஒரு அம்மி, ஒரு தண்ணீர்த் தொட்டி.

செங்கோடனுக்குச் சிந்தாமணியைப் பெண் பேசியிருந்தார்கள். அவள் அப்பா வையாபுரி ஒரேயொரு கேள்விதான் கேட்டார். “பையனுக்குச் சொந்த வீடு இருக்குதுங்களா?” இருக்கிறது என்று மாமா சொல்லிவிட்டார். “அப்படின்னா நான் பாக்கோணும். அம்மி, தண்ணித் தொட்டி எல்லாம் வச்சு பொழங்கற வீடா இருக்கோணும். ஆனா எனக்கு முட்டிவலி. எங்கியும் வர முடியாது. வெள்ளிக்கிழமை பொழுது சாயறதுக்குள்ள பாக்காட்டி பெருந்தொறைக்காரங்களுக்கு வாக்குக் குடுத்துருவேன்.”

செங்கோடனுக்கு இருந்தது வண்டி மட்டும்தான். படுப்பதும் அதில்தான். வையாபுரியால் வீட்டுக்கு வர முடியாது என்றால் வீடுதான் அவரிடம் போக வேண்டும் என்பதில் மூவருக்கும் சந்தேகம் வரவில்லை. இன்று வெள்ளிக்கிழமை.

வழியில் ஒரு மேடு இருந்தது. வண்டி விற்றவர், எழுநூற்றைம்பது கிலோவுக்கு மேல் ஏற்றினால் அந்த மேட்டில் பின்பக்க வில்பட்டை உடைந்துவிடும் என்று முன்பே எச்சரித்திருந்தார். அதற்காகத்தான் எடைமேடை.

வீட்டோடு வந்து நின்றதும் எடைமேடைக்காரர் கணக்குப் போட்டார். “வீடு, தண்ணி, அம்மி, நீங்க மூணு பேர், எல்லாமே லோடுதான். ரொம்ப அதிகம். முந்நூறு கிலோ கொறைக்கணும்.”

மூவரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து யோசித்தார்கள்.

“தொட்டித் தண்ணிதான் கனம்” என்றான் குழந்தைவேல். “கீழ ஊத்திரலாமா?”

“தண்ணி இல்லாத வீடும்பாரு” என்றார் மாமா. “அதுவும் நல்ல தண்ணி. மண்ணுல ஊத்தறதா?”

“குடிச்சுட்டா?”

இது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. பாதித் தொட்டியைக் குடித்தார்கள். மாமா இரண்டு முறை புரையேறியும் விடவில்லை. பிறகு மூவரும் வண்டியில் ஏறி உட்கார்ந்து மறுபடி எடை பார்த்தார்கள்.

“அப்படியேதான் இருக்கு” என்றார் எடைமேடைக்காரர்.

“தொட்டியைப் பாருங்க, பாதி காலி” என்றான் செங்கோடன்.

“உங்க வயித்தைப் பாருங்க.”

மூவரும் குனிந்து தங்கள் வயிற்றைப் பார்த்தார்கள். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

“மிசின்ல கோளாறு” என்றார் மாமா குரலைத் தாழ்த்தி. “பாவம், அவருக்கே தெரியலை. நாம பெருசு பண்ண வேண்டாம்.”

அடுத்ததாக அம்மிக்கல்லைக் கவனித்தார்கள். அது தரையில் கிடந்துதான் வண்டியை அழுத்துகிறது என்றான் குழந்தைவேல். கயிறு கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிட்டார்கள். இப்போது தரைக்கும் அம்மிக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. மாமா கையை உள்ளே விட்டுத் துழாவிப் பார்த்துத் திருப்தியடைந்தார்.

“அப்படியேதான் இருக்கு” என்றது கூண்டு.

செங்கோடனின் முகம் வாடிவிட்டது. வெயில் மரத்தைத் தாண்டி மேற்கே போய்விட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் வையாபுரி பெருந்துறைக்காரர்களுக்கு ஆள் அனுப்பிவிடுவார்.

“ஒரு நா பஸ்ஸுல அந்தப் புள்ளையப் பாத்தேன் மாமா” என்றான். “கண்டக்டரு சில்லறை இல்லைன்னதும், ‘அப்படின்னா சில்லறைக்குத் தக்கன தூரம் கொண்டுபோய் எறக்கி உடுங்க’ன்னுச்சு. வேற ஆருக்குங்க மாமா அந்த அறிவு வரும்?”

இதைக் கேட்டுக் குழந்தைவேலுக்கு மனசு கேட்கவில்லை. எழுந்து வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவந்தான்.

“ஏன் மாமா, ஜன்னல் எத்தனை கிலோ இருக்கும்?”

“ஓட்டைக்கு ஏதுடா எடை?”

“அப்ப நெறைய ஜன்னல் வச்சுட்டா?”

அதுவரை யாருக்கும் தோன்றாதது இது. பக்கத்துப் பட்டறையில் கேஸ் கட்டரை இரவல் வாங்கிச் சுவரில் ஜன்னல்கள் வெட்டினான். கிழக்கில் நான்கு, மேற்கில் நான்கு. வெட்டிய தகரங்களை வீணாக்காமல் அடுக்கிக் கட்டிலுக்கடியில் வைத்தான்.

“அப்படியேதான் இருக்கு” என்ற எடைமேடைக்காரர் இந்த முறை கூண்டைவிட்டு வெளியே வந்துவிட்டார். “அந்தத் தகரத்தை வெளிய போடுங்கய்யா.”

“வீட்டுச் சாமானை ரோட்டுல போடச் சொல்றாரு” என்று மாமா வருத்தப்பட்டார். ஆனாலும் போட்டார்கள். எடை குறைந்தது. அன்றைக்கு முதல்முறையாகக் குறைந்தது. மூவரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். குழந்தைவேலுக்கு வெறி பிடித்துவிட்டது. ஜன்னலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு ஜன்னல் வைத்தான். கட்டிலை எடுத்தான். கடைசியில் நான்கு மூலைக்கம்பியும், கூரையும், தரையும், ஒரு கதவும், நடுவில் தொங்கும் அம்மியும், ஒரு தொட்டியும் நின்றன.

“இன்னும் அறுவத்திரண்டு கிலோ” என்றார் எடைமேடைக்காரர். “அந்த அம்மியையாவது எறக்குங்கப்பா.”

“அம்மி இல்லாமக் கல்யாணமாங்க?” மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “எதை மிதிக்கறது?”

எடைமேடைக்காரர் வண்டியைக் கீழே இறக்கிவிட்டு மேடையில் ஒவ்வொருவராக நிற்கச் சொன்னார். மாமா எழுபத்தெட்டு. குழந்தைவேல் ஐம்பத்தைந்து. செங்கோடன் அறுபத்திரண்டு.

மூவரும் விரல்விட்டுக் கணக்குப் பார்த்தார்கள். மாமாதான் பேசினார்.

“மாப்ளை, சரியா உன்ற எடைதான் அதிகம்.”

“நீங்க நின்னுக்கலாமே மாமா? எழுவத்தெட்டு கொறையுமே?”

“பதினாறு கிலோ பத்தாமப் போயிருமே! ஏழுநூத்தம்பதுன்னா ஏழுநூத்தம்பதுதான். நமக்குத் தோணுனபடி கூட்டிக் கொறைக்க முடியுமா?”

“பொண்ணு வீட்டுக்கு மாப்ளை இல்லாமப் போறதா?” என்றான் குழந்தைவேல்.

“அவரு இவனை ஏற்கெனவே பாத்துட்டாரு. வீட்டைத்தான் பாக்கலை. பாக்காததைத்தானே காட்டோணும்?”

செங்கோடனே இதை ஒப்புக்கொண்டான். சாவியைக் குழந்தைவேலிடம் கொடுத்தான். மாமா கிளம்பும்போது செங்கோடனின் தோளைத் தொட்டு, “இங்கியே நில்லு. எடை மாறாம இரு. மாறுச்சுன்னா கணக்கு எல்லாம் போயிரும்” என்றார்.

வண்டி மேட்டை ஏறியது. பட்டை உடையவில்லை.

வையாபுரி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வீடு வந்து அவர் முன்னால் நின்றது. முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கதவைத் திறந்து, வலது காலை எடுத்து வைத்து உள்ளே ஏறினார். உள்ளே நின்று பார்த்தால் அவருடைய மாட்டுக் கொட்டகை தெரிந்தது. மறுபக்கம் தென்னந்தோப்பு தெரிந்தது.

“ஜன்னல் பெருசுங்களா?”

“எல்லாப் பக்கமும் ஜன்னலுங்க” என்றார் மாமா.

“காத்தோட்டமா இருக்குது. அம்மி ஏனுங்க தொங்குது?”

“தரையை அழுத்தக் கூடாதுன்னுங்க.”

வையாபுரி தலையாட்டினார். இவ்வளவு யோசித்துக் கட்டிய வீட்டை அவர் பார்த்ததில்லை. “மாப்பிள்ளை வரலீங்களா?”

“எடைமேடையில உட்டுட்டு வந்திருக்கறமுங்க. வண்டி தாங்காது.”

“அப்படின்னா எம்பொண்ணு ஏறுனா?”

மாமாவும் குழந்தைவேலும் திடுக்கிட்டார்கள். இதை யோசிக்கவே இல்லை. எல்லாம் கைகூடி வந்து இந்த இடத்தில் இடிக்கிறதே என்று மாமா தலையில் கை வைத்தார்.

“புள்ளை என்ன எடைங்க?” என்று மெல்லக் கேட்டார்.

“எழுவத்தொண்ணு. போன மாசந்தான் நெல்லு மில்லுல நின்னு பாத்துச்சு.”

மாமா மணலில் உட்கார்ந்து விரலால் எழுதினார். எழுதியதை அழித்துவிட்டு மறுபடி எழுதினார். எழுந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

“பையன் அறுவத்திரண்டு, பொண்ணு எழுவத்தொண்ணு. ஆக நூத்துமுப்பத்திமூணு. நானும் குழந்தைவேலும் எறங்கிட்டா அதே நூத்துமுப்பத்திமூணு! ஒரு கிலோ கூட இல்லை, ஒரு கிலோ கொறைய இல்லை.”

வையாபுரி மணலைக் குனிந்து பார்த்தார். “பெருந்தொறைக்காரங்க ஜோசியரு பத்துல ஏழு பொருத்தம்னுதான் சொன்னாரு” என்றார். “இந்த மாதிரி ஒட்டுக்காப் பொருந்தறது கெடைக்காதுங்க. புள்ளையும் ஒரு எட்டு மாப்பிள்ளையைப் பாத்துட்டு வரட்டும். அது வர்ற வரைக்கும் நீங்க இங்க இருங்க.”

மாமா இறங்கி சிந்தாமணி ஏறினால் ஏழு கிலோ குறைந்தது. அதற்கு வையாபுரி ஏழு கிலோ நிலக்கடலை நிறுத்துக் கட்டிக்கொடுத்தார்.

குழந்தைவேலும் சிந்தாமணியும் எடைமேடைக்கு வந்தபோது சாலையில் லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. மேடையின் நடுவில் செங்கோடன் நின்றிருந்தான். கைகள் விலாவோடு ஒட்டியிருந்தன.

“எங்கிருந்துய்யா வந்தீங்க நீங்கெல்லாம்!” எடைமேடைக்காரர் ஓடிவந்தார். “டீ குடுத்தேன், குடிக்க மாட்டேங்கறான். பன்னு குடுத்தேன், வாயைத் தொறக்க மாட்டேங்கறான். தள்ளிப் பாத்தேன், எடை மாறிரும்னு அழுவறான்!”

“மாறலைங்களே?” என்றான் குழந்தைவேல் கவலையோடு.

எடைமேடைக்காரர் கூண்டுக்குள் போய்ப் பார்த்தார். ஏன் போய்ப் பார்த்தோம் என்று அவருக்கே பிறகு புரியவில்லை. “அறுவத்திரண்டு” என்றார்.

குழந்தைவேல் கடலை மூட்டையோடு இறங்கிக்கொண்டான். இனி அவன் நடந்து வர வேண்டியதுதான். லாரிக்காரர்கள் நாலு பேர் ஏதோ கேட்க, அவன் மூட்டையைக் கீழே வைத்து நூற்றுமுப்பத்துமூன்றை முதலிலிருந்து விளக்க ஆரம்பித்தான். எடைமேடைக்காரரும் அதில் ஒரு தப்பைத் திருத்தப்போய் மாட்டிக்கொண்டார்.

சிந்தாமணி மேடைக்கு வந்தாள். செங்கோடன் அசையாமல் அவளைப் பார்த்தான். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

“பசிக்குதுங்களா?”

அவன் கண்ணால் ஆமென்றான்.

அவள் தாவணிக்குள்ளிருந்து ஒரு சின்னத் தூக்குப்போசியை எடுத்துத் திறந்தாள். உள்ளே வெல்லப் பூரணம் வைத்த இரண்டு ஒப்பிட்டு இருந்தது. ஒன்றை மடித்து அவன் வாயருகே நீட்டினாள். அவன் கூண்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பிறகு வாயைத் திறந்தான். இரண்டாவதையும் தின்று முடித்து, ஓட்டுநர் பக்கம் போய் ஏறிக்கொண்டான்.

சிந்தாமணி போசியை மூடினாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடை பார்த்து, மேடையோரத்தில் சோடியாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு வண்டியில் ஏறினாள்.