பகல் குறையாத கொட்டில்

எந்த வருஷம், எந்த மாசம்னு என்கிட்ட கேக்காதீங்க. ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னாடி சேந்தன்னு ஒரு ராஜா குன்றவாயில் நாட்டை ஆண்டுக்கிட்டு இருந்தான். நல்லவன்தான், ஆனா மகா பிடிவாதக்காரன். ராணி செத்துப்போன அன்னிலேருந்து அரண்மனையில இருட்டே இருக்கக்கூடாதுன்னு உத்தரவு போட்டுட்டான். விடிய விடிய எல்லா மூலையிலும் விளக்கு. இருட்டினா பக்கத்துல படுக்கை காலியா கிடக்கறது தெரியுமாம். விளக்கு எரிஞ்சா மட்டும் அது நிரம்பிடுமா? யாரு போய்ச் சொல்றது!

அப்போ வடக்கே பனிமலை நாட்டு அரசன் இருபத்து நாலு பெண் ஆட்டுக்குட்டிகளைப் பரிசா அனுப்பி வச்சான். மேய்க்கறதுக்குக் கூடவே பேமான்னு ஒரு பெண். குட்டிகளோட கழுத்துமணிச் சத்தம் ராஜாவுக்குப் பிடிச்சுப்போச்சு. தன் ஜன்னலுக்குக் கீழேயே கொட்டில் போட்டு, அங்கேயும் விளக்கு ஏத்தச் சொன்னான். "இதுங்க முதல் குட்டி போட்டதும் நீ ஊருக்குப் போகலாம்"னு பேமாவுக்கு வாக்கு குடுத்தான்.

ஒன்றரை வருஷம் ஆச்சு. ஆடுங்க கொழுகொழுன்னு வளர்ந்துதுங்களே தவிர ஒண்ணுகூடப் பருவத்துக்கு வரலை. கிடாவை விட்டா முட்டித் தள்ளிடுதுங்க. பேமாவுக்கு ஊர்ல வயசான அப்பா மட்டும். இங்கே அவ பாஷை பேச ஒரு நாதி இல்லை. பொழுதன்னைக்கும் ஆடுங்ககிட்டயே பேசிக்கிட்டு இருப்பா, பாவம்.

விளக்கு மேற்பார்வை பார்த்த வல்லபராயருக்கு அவளைக் கண்டாலே எரிச்சல். தன் விளக்கைப் பாராட்டாம ராஜா ஆட்டு மணியைக் கேட்டுக்கிட்டு நிக்கறாரேன்னு பொறாமை. ஒருநாள் சபையில எழுந்தார்.

"மகாராஜா, அந்தப் பேமா மந்திரம் போட்டு ஆடுகளை மலடாக்கிட்டா. நாள் பூரா முணுமுணுன்னு ஜபிக்கிறதை என் காதாலயே கேட்டேன்."

ராஜாவுக்கு மூக்குக்கு மேல கோபம். "அப்படியா? ஆயுசுக்கும் சிறையில கிடக்கட்டும்!"

மந்திரி கூத்தபிரான் பாதிக் கண்ணை மூடித் தூங்குறவர் மாதிரிதான் உட்கார்ந்திருப்பார். மெல்ல வாயைத் திறந்தார். "என்ன முணுமுணுக்கறேன்னு யாராச்சும் அவளைக் கேட்டீங்களா?"

யாரும் கேக்கலை. தண்டனையை நிறுத்தி வைக்கச் சொல்லிட்டு மந்திரி நேரா கொட்டிலுக்குப் போய் வைக்கோல்ல உட்கார்ந்தார். "என்னம்மா சொல்றே இதுங்ககிட்ட?"

ஒன்றரை வருஷத்துல அவகிட்ட ஒருத்தர் உட்கார்ந்து பேசினது அதுதான் முதல் தடவை. பேமா அழுதுட்டா. இங்கே வந்து கத்துக்கிட்ட பாஷையில சொன்னா.

"இருட்டு எப்போ வரும்னு கேக்குதுங்க ஐயா. தெரியலைன்னு சொல்றேன். எங்க ஊர்ல கோடையில பகல் நீளம். அப்புறம் நாளுக்கு நாள் பகல் குறைஞ்சு இருட்டு கூடும். அதைப் பார்த்துத்தான் குட்டியோட உடம்புக்குத் தனக்கு வயசு வந்தது தெரியும். இங்கே விளக்கு அணையறதே இல்லை. இதுங்களுக்கு இன்னும் அந்த முதல் கோடையே முடியலை. விளக்குக்கார ஐயாகிட்ட சொன்னேன். வாயை மூடுன்னார்."

மறுநாள் மந்திரி அவ சொன்னதைச் சபையில சொல்லி ஒரு போட்டி வச்சார். பன்னிரண்டு ஆடு ராயர் பொறுப்புல, அதே விளக்கோட. பன்னிரண்டு ஆடு பேமா பொறுப்புல, பழைய யானைக்கொட்டில்ல. அவ சாயங்காலத்துக்கு முன்னாடியே பாயைத் தொங்கவிட்டு இருட்டாக்குவா.

"ரெண்டு மாசம் கழிச்சு ரெண்டு பக்கமும் கிடாவை விடுவோம். மேய்ப்பர்கள் வழக்கப்படி கிடா நெஞ்சுல காவி பூசிடலாம். எந்த ஆடு கிடாவைச் சேர்த்துக்குதோ அது மேல கறை ஒட்டிக்கும்."

"இருட்டுல போட்டா பருவம் வருமாமே! நல்ல கூத்து!"ன்னு ராயர் விழுந்து விழுந்து சிரிச்சார்.

பாதி ஆடுங்களோட மணிச்சத்தம் போனதுல ராஜாவோட ஜன்னல் பக்கம் வெறிச்சுன்னு ஆயிடுச்சு. அவன் சரியா சாப்பிடக்கூட இல்லை. சொன்னபடி கிடாவை விட்டு ஒரு மாசம் ஆனதும் ஆடுங்க சபைக்கு வந்துதுங்க. பேமாவோட ஆடுகள்ல ஒன்பதுல காவிக்கறை. ராயரோடதுல பன்னிரண்டுலயும்!

"பாத்தீங்களா மகாராஜா!"ன்னு ராயர் மீசையை முறுக்கினார்.

அப்பத்தான் பேமா சிரிச்சா. இந்த ஊருக்கு வந்து முதல் தடவையா, வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா.

"ஐயா, என் ஆடுங்களுக்கு வாலுக்கு மேல கறை. இவரோட ஆடுங்களுக்குக் கழுத்துல கறை. எந்த ஊர்க் கிடா ஐயா கழுத்துல ஏறும்?"

சபையே கொல்லுனு சிரிச்சுது. "எங்கே ஒட்டும்னு நான் வேணும்னேதான் சொல்லலை"ன்னார் மந்திரி. "கையைக் காட்டும் ராயரே!"ன்னான் ராஜா. நகக்கண்ணெல்லாம் காவி. மனுஷருக்குத் தலை தொங்கிப்போச்சு.

ராஜா மட்டும் சிரிக்கலை. "அப்போ இதுங்களை வளரவிடாம நிறுத்தி வச்சது நான்தானா?"

"ஆமாம் மகாராஜா"ன்னார் கூத்தபிரான்.

ராஜா ராயர் பக்கம் திரும்பினான். "ராயரே, இனிமே அந்தி சாயறப்போ அரண்மனை விளக்கையெல்லாம் உம்ம கையாலேயே அணைக்கணும். அதான் தண்டனை. என் அறையில ஆரம்பியும்."

அன்னிக்கு அவன் வாய்விட்டு அழுத சத்தம் கொட்டில் வரைக்கும் கேட்டுதாம். மூணு வருஷமா அழாம வச்சிருந்த அழுகை.

அஞ்சு மாசத்துல யானைக்கொட்டில்ல முதல் குட்டி விழுந்துது. ராஜா பேமாவுக்குச் சால்வை போர்த்தி, குதிரையும் துணைக்கு ஆளும் குடுத்தான். குடுத்த வாக்கை மீறலை. ஆனா அவன் முகம் வாடிப்போச்சு.

"அந்தியில பாயை இழுத்துவிடறப்போ ஆடுங்ககிட்ட ஏதோ சொல்வியே, அது என்ன?"

"பொழுது சாஞ்சாச்சு, நான் இங்கேதான் இருக்கேன்னு சொல்வேன் மகாராஜா."

அதை அவ பாஷையிலேயே கத்துக்கிட்டான். அவ போயிட்டா. மறுநாள் அந்தியில ராஜாவே கொட்டிலுக்கு இறங்கி வந்து, பாயை இழுத்துவிட்டு, தப்பும் தவறுமா அதைச் சொன்னான். உள்ளே ரெண்டு கழுத்துமணி லேசா அசைஞ்சுது.

வாசல்ல கடைசி விளக்கைக் கையில வச்சுக்கிட்டு ராயர் நின்னார். "மேலே ஒரே இருட்டு மகாராஜா. துணைக்கு வரட்டுமா?"

"வேண்டாம் ராயரே, அதையும் அணைச்சுடும். படி எனக்குப் பழகிப்போச்சு"ன்னு சொல்லிட்டு ராஜா தனியா ஏறிப் போனான்.