எலுமிச்சைச் சாற்றில் இரண்டு தகடுகள்

ஆற்றுக்கு நடுவே ஒரு தீவு. பனி இறங்கும் மாலைகளில் அது இருக்கிறதா இல்லையா என்று படகுக்காரர்களுக்கே சந்தேகம் வந்துவிடும். அங்கே இளஞ்சியம்மை என்ற துறவியும் அவருடைய சீடர்கள் சிலரும் இருந்தார்கள். துறவுக்கு முன் அம்மை கல்லூரியில் வேதியியல் நடத்தியவர்.

ஒருநாள், "விடிஞ்சதும் படகு வரும். ஆளுக்கொரு ஊருக்குப் போங்க," என்றார்.

பூரணன் என்ற சீடருக்குப் போக மனமில்லை. அம்மையைவிட வயதில் மூத்தவர், பிடிவாதத்திலும் மூத்தவர். தனியாகப் போனால் ஒன்றுமில்லாமல் போய்விடுவோமோ என்று அவருக்குப் பயம்.

மின்சாரம் பாய்வதை முள்ளால் காட்டும் அம்மையின் பழைய மீட்டரையும் ஒரு கிண்ணம் எலுமிச்சைச் சாற்றையும் பூரணன் கொண்டுவந்து அம்மை முன் வைத்தார். மீட்டரில் மாட்டிய கட்டைவிரல் அளவுத் தகடுகள் இரண்டைச் சாற்றில் முக்கினார். முள் எழுந்தது. தண்ணீர் ஊற்றினார். முள் இறங்கியது. இன்னும் ஊற்ற, இன்னும் இறங்கியது.

"பாத்தீங்களா அம்மா? கலக்கக் கலக்க மின்சாரம் குறையுது. கூடி வாழ்ந்தா கோடி நன்மைன்னு சும்மாவா சொன்னாங்க? பிரிச்சா நாங்க வெறும் தண்ணி."

"சரியாத்தான் அளந்திருக்கீங்க. ரெண்டு தகட்டுக்கும் நடுவுல எவ்வளவு சாறு நின்னுச்சு?"

"ஒரு மடக்கு இருக்கும்."

"மிச்சம்?"

"அது வெளிய, கிண்ணத்துல."

அம்மை ஒடுக்கமான, உயரமான கண்ணாடித் தொட்டி ஒன்றை எடுத்துவந்தார். எதிரெதிர்ச் சுவர்களில் அடிமுதல் விளிம்புவரை தகடு. நடுவே இடைவெளி பழைய அளவுதான். மீட்டரை அவற்றில் மாட்டி, புதிதாக அதே அளவு சாற்றை அடியில் விட்டார்.

"இப்ப ஊத்துங்க."

பூரணன் ஊற்றினார். தண்ணீர் தகட்டில் ஏறியது. முள்ளும் ஏறியது. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி ஊற்றினார். மறுபடி ஏறியது. சன்னல் வழியே பனி நுழைந்து அறையை மறைத்தது. தொட்டி மட்டும் மிதப்பதுபோல் இருந்தது.

"அதே சாறுதானே அம்மா?"

"அதே சாறுதான். ஒரு மடக்கை அளந்தா இறங்கும். அந்தக் கணக்கைச் சாறு பரவின மொத்தத் தண்ணியால பெருக்கிப் பாருங்க, ஏறும்."

கல்லூரியாக இருந்தால் முதல் அளவை நியமக் கடத்துத்திறன், இரண்டாவதை மோலார் கடத்துத்திறன் என்று பெயர் சொல்லியிருப்பார். இங்கே சொல்லவில்லை.

"எப்படி ஏறும்?"

"மின்சாரத்தைச் சுமக்கிற துகளெல்லாம் சாத்து நெருக்கத்துல ஒண்ணையொண்ணு கட்டிப் பிடிச்சுக் கிடந்துச்சு. இடம் கிடைச்சதும் கையை விட்டுட்டு நடக்குது."

விடிந்தது. படித்துறையில் படகு வந்து நின்றது. பூரணன் ஒரு காலைப் படகில் வைத்துவிட்டுத் திரும்பினார். கட்டைவிரல் தகடுகள் இரண்டும் இன்னும் அவர் கைக்குள் இருந்தன.

"அங்க போய், நான் குறைஞ்சுட்டேன்னு தோணுச்சுன்னா?"

இளஞ்சியம்மை கையை நீட்டினார்.

"அந்தச் சின்னத் தகட்டுல அளந்தாத்தான் அப்படித் தோணும். ரெண்டையும் குடுத்துட்டுப் போங்க."