பதினொரு பேர் சொன்ன ஒரு வரி

அன்று வெள்ளிக்கிழமை. துறை நூலக அறையில் இருந்தவர்கள் நான்கு பேர்.

நெறியாளர் முனைவர் நஸீமா, வயது நாற்பத்தொன்று. அவரிடம் பகுதி நேரமாக ஆய்வு செய்யும் செங்கமலம் டீச்சர், வயது நாற்பத்தெட்டு. அதே துறையில் ஆய்வு செய்யும் ரெக்ஸ்லின், வயது இருபத்தொன்பது. அலமாரிச் சாவிகளை வைத்திருக்கும் நான்.

கணினிகள் மூன்று. ஓடுபவை இரண்டு.

காலை பத்து ஐம்பதுக்கு டீச்சர் கேட்டார்.

“இன்னைக்கு அஞ்சு மணியோட ஆறு வருஷம் முடியுது மேடம். அதுக்குள்ள கையெழுத்துப் போட்ட படிவம் ஆபீஸ் போகலைன்னா என் பதிவே ரத்து. அறுநூத்திப் பன்னெண்டு மேற்கோள் சேத்திருக்கேன். இன்னும் என்ன குறை?”

நெறியாளர் பேனாவின் மூடியைத் திறந்தார். படிவத்தைப் பார்த்தார். மூடியை மறுபடி போட்டார்.

“பட்டியலைக் காட்டுங்க டீச்சர்.”

டீச்சர் கணினியில் மேற்கோள் மென்பொருளைத் திறந்தார். அது இணையத்தில் இருப்பது. எங்கே உட்கார்ந்து திறந்தாலும் அதே பட்டியல் வரும். ஒரு கட்டுரையைப் பார்க்கும்போது மூலையில் உள்ள பொத்தானை அழுத்தினால், எழுதியவர் பெயர், ஆண்டு, பக்கம் எல்லாம் தானாக வந்து சேர்ந்துகொள்ளும். ஆய்வேட்டில் வேண்டிய இடத்தில் இன்னொரு பொத்தான். அடைப்புக்குறிக்குள் பெயர்கள் விழும். கடைசிப் பக்கத்தில் பட்டியல் அகர வரிசையில் தானே அடுக்கிக்கொள்ளும்.

பள்ளிக்கூட மதிய இடைவேளையில் சேர்த்தது, பேருந்தில் கைப்பேசியில் சேர்த்தது, சமையல் ஆகும் நேரத்தில் சேர்த்தது. எல்லாம் திரையில் ஓடின.

“அக்கா, எங்கிட்ட நானூறுதான் இருக்கு,” என்றான் ரெக்ஸ்லின். “நீங்க கல்யாணப் பத்திரிகை வைக்கிற மாதிரி ஊர்ல ஒருத்தரையும் விடலை.”

“வயித்தெரிச்சல் படாதே தம்பி.”

நெறியாளர் சிரிக்கவில்லை. ஆய்வேட்டைப் புரட்டி நூற்று எட்டாம் பக்கத்தில் நிறுத்தினார். ஒரு வரியின் மேல் விரலை வைத்தார்.

‘பாறையில் ஒரு விரற்கடை விட்டுக் கிள்ளினால், கடற்பாசி அடுத்த பருவத்தில் அதே இடத்தில் மீண்டும் வளரும்.’

அதன் பின்னால் அடைப்புக்குறிக்குள் பெயர்கள். வரி ஒன்றரை. பெயர்கள் மூன்று வரி.

“இதைச் சொன்னது யார்?”

டீச்சரின் முகம் மலர்ந்தது. “பதினொரு பேர் சொல்லியிருக்காங்க மேடம்.”

“முதல்ல சொன்னது யார்?”

“அது... பாக்கணும்.”

“பாருங்க.”

டீச்சர் முதல் பெயரைத் திறந்தார். 2021ஆம் ஆண்டுக் கட்டுரை. அந்த வரி இருந்தது. அதன் பின்னால் ஓர் அடைப்புக்குறி இருந்தது.

“இவர் 2019ல வந்ததைப் பாத்து எழுதியிருக்கார்.”

நெறியாளர் ஆள்காட்டி விரலைத் தரையை நோக்கிக் காட்டினார், இன்னும் கீழே போங்க என்பதுபோல.

டீச்சர் 2019ஐத் திறந்தார். அதே வரி. வேறொரு அடைப்புக்குறி.

டீச்சர் அந்த அடைப்புக்குறியை இரண்டு தடவை படித்தார்.

“சொல்லுங்க.”

“இவங்க 2014ல வந்ததைப் பாத்து எழுதியிருக்காங்க. அது... நீங்க எழுதினது மேடம்.”

ரெக்ஸ்லின் தன் கணினியைப் பார்க்கத் தொடங்கினான். நான் ஓர் அலமாரியைப் பூட்டி, மறுபடி திறந்தேன்.

நெறியாளரின் விரல் தரையை நோக்கியே இருந்தது.

“நான் யார்கிட்ட வாங்கினேன்?”

“2008.”

“2008ல எழுதினவர்?”

“1997. கிருபாகரன்னு ஒரு விஞ்ஞானி.”

“மத்த ஆறு பேர்?”

டீச்சர் ஒவ்வொன்றாகத் திறந்தார். முப்பத்தேழு நிமிடம் ஆனது. நான்கு பேர் மேடத்தின் கட்டுரையிலிருந்து எடுத்திருந்தார்கள். இரண்டு பேர் 1997லிருந்து எடுத்திருந்தார்கள்.

“ஆக, சொன்னது ஒருத்தர்,” என்றார் நெறியாளர். “திருப்பிச் சொன்னது பத்துப் பேர்.”

“ஆமா மேடம்.”

“பத்துல நான் ஒருத்தி.”



“சரி. உங்களுக்கு இது எப்பத் தெரியும்?”

“எது மேடம்?”

“ஒரு விரற்கடை விடணும்ங்கிறது.”

டீச்சர் கொஞ்சம் யோசித்தார். யோசிக்க வேண்டிய கேள்வி இல்லை; சொல்லலாமா என்றுதான் யோசித்தார்.

“ஏழு வயசுல.”

“அப்புறம் எதுக்கு இந்தப் பதினொரு பேர்?”

“நான் சொன்னாச் செல்லுமா மேடம்? அச்சுல வந்தாத்தானே செல்லும்.”

நெறியாளர் மறுபடியும் விரலைக் கீழே காட்டினார்.

“கிருபாகரனைத் திறங்க.”

அது பழைய கட்டுரை. தாளில் வந்ததை யாரோ ஒளிநகல் எடுத்து இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். எழுத்து சாய்ந்திருந்தது. ஆறு பக்கம். டீச்சர் இதற்கு முன் முதல் பக்கத்தை மட்டும் பார்த்திருந்தார். நான்காம் பக்கத்தில் அந்த வரி இருந்தது. அதன் பின்னால் அடைப்புக்குறி இல்லை. ஒரு சின்ன எண் இருந்தது. பக்கத்தின் அடியில் அதே எண், அதன் எதிரே குறிப்பு.

டீச்சர் வாய்விட்டுப் படித்தார். “தகவல் தந்தவர்: பாசி எடுக்கும் பெண் ஒருவர், வேலாங்கரை.”

படித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

“உங்க ஊர்தானே அக்கா,” என்றான் ரெக்ஸ்லின்.

“எங்க ஊர்ல பாசி எடுத்த பொம்பளைங்க நூறு பேருக்கு மேல.”

“அடுத்த பக்கம் போங்க,” என்றார் நெறியாளர்.

ஐந்தாம் பக்கத்தில் ஒரு புகைப்படம். கறுப்பு வெள்ளை. முகம் இல்லை. நீரிலிருந்து எடுத்த ஒரு கை மட்டும். பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றியிருந்தது. விரல்களுக்கு நடுவில் ஒரு கொத்துப் பாசி. மோதிர விரல் ஒரு கணு குறைந்திருந்தது.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். படத்தைப் பெரிதாக்கினார். பெரிதாக்கியதில் படம் மங்கியது. மறுபடி சிறிதாக்கினார்.

“படகு வடத்துல மாட்டிப் போச்சு அந்தக் கணு,” என்றார். “நான் அப்ப அஞ்சாவது படிச்சேன்.”

திரையில் இருந்த அந்த விரலைத் தொட்டார்.

“எங்க அம்மா கை மேடம்.”

சுவரில் மின்விசிறிகள் இரண்டு. ஓடியது ஒன்று. 

“அம்மா இருக்காங்களா?”

“இருக்காங்க. எழுபத்தி நாலு ஆகுது. நீர் வத்துனா இப்பவும் கரைக்கு வந்து நின்னுக்குவாங்க.”

“போன் போடுங்க. பேர் சேக்கறதுன்னா அவங்க சம்மதம் வேணும்.”

டீச்சர் கைப்பேசியை மேசை மேல் வைத்து ஒலியைக் கூட்டினார். ஏழாவது மணியில் எடுத்தார்கள்.

“என்னடி, பள்ளிக்கூடம் இல்லையா?”

“லீவு போட்டிருக்கேம்மா. ரொம்ப வருஷம் முன்னால ஒருத்தர் வந்து உன் கையைப் படம் புடிச்சாரா?”

“தொப்பி போட்ட ஆளா? ஆமா. மூணு நாள் வந்தாரு. முழங்கால் தண்ணிக்கே பயந்தாரு. பாவம், நல்ல மனுசன்.”

“உன் பேரு கேட்டாரா?”

“கேக்கலை. நானும் சொல்லலை. பாசியைப் பத்தித்தானே கேட்டாரு.”

“ஒரு விரற்கடை விடணும்னு நீதான் சொன்னியா?”

“பின்ன அவரா எனக்குச் சொன்னாரு?”

ரெக்ஸ்லின் வாயைப் பொத்திக்கொண்டான்.

“அதை என் ஆய்வேட்டுல எழுதறேம்மா. உன் பேரைப் போடவா?”

 போனில் கரைக் காற்று கேட்டது.

“போடு. ஆனா உங்கப்பன் பேரைச் சேத்துப் போட்டுறாதே. அந்த மனுசன் ஒரு நாள் கடல்ல கால் நனைச்சதில்லை. கரையில பீடியைக் குடிச்சிக்கிட்டு நின்னவரு.”

வைத்துவிட்டார்கள்.

டீச்சர் பட்டியலில் புதிய பதிவு ஒன்றைத் திறந்தார். மென்பொருள் கேட்டது, என்ன வகை? நூல், கட்டுரை, ஆய்வேடு, செய்தி என்று நீண்ட வரிசை. கீழே போய் ‘நேர்காணல்’ என்பதைத் தேர்ந்தெடுத்தார்.

அடுத்து எழுதியவர் பெயருக்கு இரண்டு பெட்டிகள். ஒன்று குடும்பப் பெயருக்கு, ஒன்று சொந்தப் பெயருக்கு.

டீச்சர் சொந்தப் பெயர்ப் பெட்டியில் அங்கம்மாள் என்று எழுதினார். குடும்பப் பெயர்ப் பெட்டி காலியாக நின்றது. வெகுநாள் பழக்கத்தில் கை அங்கே போனது. ‘மு’ என்று அடித்தது. மு என்றால் முத்திருளாண்டி, டீச்சரின் அப்பா.

பட்டியல் தானே அடுக்கிக்கொண்டது. அங்கம்மாள் நானூற்று முப்பதாவது இடத்தில், மு என்ற எழுத்தின் கீழே போய் நின்றார்.

“இப்பத்தானே சொன்னாங்க,” என்றான் ரெக்ஸ்லின்.

“பெட்டி கேக்குதேடா. நம்ம பேருக்கு முன்னால யாராவது ஒரு ஆள் இருந்தாத்தான் இதுக்குப் பேரு.”

நெறியாளர் குனிந்தார். பெட்டிகளின் ஓரத்தில் கடுகளவு ஒரு பொத்தான் இருந்தது. நான் அதை முன்பு கண்டதில்லை. டீச்சரும் ஆறு வருடமாகக் கண்டதில்லை.

நெறியாளர் அதை ஒரு முறை அழுத்தினார்.

இரண்டு பெட்டிகள் ஒன்றாயின.

டீச்சர் ‘மு’வை அழித்தார். அங்கம்மாள் என்ற பெயர் மட்டும் பெட்டியில் நின்றது.

பட்டியல் ஒரு நொடி அசைந்தது. நானூற்று முப்பதாவது இடத்துக்கு வேறொரு பெயர் வந்தது. நாங்கள் அந்தப் பெயரைத் தேடினோம். ரெக்ஸ்லின்தான் முதலில் கண்டான்.

“அக்கா, மேல பாருங்க. ஒண்ணாம் நம்பர்.”

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றார். நின்றபடியே கொஞ்ச நேரம் படித்தார். படிக்க ஒரு சொல்தான் இருந்தது.

“உங்க அம்மா பாசி எடுத்தவங்கன்னு நீங்க சொன்னதே இல்லையே அக்கா.”

“இங்க வர்றப்போ காலைக் கழுவிட்டு வரணும்னு நெனச்சேன்.”

நெறியாளர் நூற்று எட்டாம் பக்கத்தைக் கணினியில் திறந்து தந்தார். டீச்சர் அந்த வரியின் பின்னால் அம்மாவின் பெயரை முதலில் சேர்த்தார். பிறகு அழிக்கும் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

“கிருபாகரனை என்ன செய்ய மேடம்?”

“இருக்கட்டும். அவர் தண்ணியில இறங்கினார்.”

“நீங்க?”

“நான் இந்த அறையில உக்காந்து எழுதினேன். என்னை முதல்ல எடுங்க.”

“உங்களையா மேடம்?”

“பத்துல முதல் ஆளா.”

டீச்சர் எடுத்தார்.  பிறகு மற்ற ஒன்பது பேரையும் எடுத்தார். பட்டியலிலிருந்தும் எடுத்தார். வேறெந்தப் பக்கத்திலும் அவர்களுக்கு வேலை இருக்கவில்லை.

நெறியாளர் பேனாவின் மூடியைத் திறந்தார்.

“இருங்க மேடம்,” என்றார் டீச்சர்.

மணி அப்போது பன்னிரண்டு பத்து.

“டைம் இல்லை டீச்சர். கையெழுத்து போட்டுர்றேன்.”

“இன்னும் அஞ்சு மணி ஆகலை.”

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரண்டாவது பெயரைத் திறந்தார். நெறியாளர் செய்ததுபோலவே ஆள்காட்டி விரலைக் கீழே காட்டினார். காட்டியது தனக்குத்தான்.

நெறியாளர் சாப்பிடப் போய்விட்டு வந்தார். டீச்சர் எழவில்லை. ரெக்ஸ்லின் இரண்டு முறை தேநீர் வாங்கி வந்தான். முதல் கோப்பை ஆறிப்போனது. இரண்டாவதை அவர் குடித்தார்.

ஒரே கட்டுரை இரண்டு தடவை ஏறியிருந்தவை இருபத்தேழு. அவற்றை மென்பொருளே கண்டுபிடித்துச் சேர்த்துவிட்டது. பொத்தானை அழுத்திச் சேர்த்ததோடு சரி, ஒரு நாளும் திறக்காதவை முந்நூற்று ஐம்பத்தொன்பது. திறந்து முதல் பக்கத்தோடு மூடியவை எண்பத்தெட்டு. இவை எல்லாம் போயின. இவற்றை மட்டும் நம்பி எழுதிய வரிகளும் போயின. ஆய்வேட்டில் பதினான்கு பக்கம் குறைந்தது.

ரெக்ஸ்லின் இரண்டு மணிக்குத் தன் பட்டியலைத் திறந்தான். அதன் பிறகு அவன் யாரையும் கிண்டல் செய்யவில்லை.

நாலு முப்பத்தைந்துக்கு டீச்சர் கையை எடுத்தார். ஆய்வேட்டை அலுவலகத்தின் தளத்தில் ஏற்றினார். ஏறி முடித்ததும் படிவத்தை நெறியாளரின் முன்னால் தள்ளினார். கெஞ்சும் முகம் இல்லை. காலையில் இருந்தது.

நெறியாளர் கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார். அதற்குக் கீழே ஒரு கட்டம் நிரப்பாமல் இருந்தது.

“மேற்கோள் எத்தனை மிச்சம் டீச்சர்?”

டீச்சர் திரையைப் பார்க்கவில்லை.

“நூத்தி இருபத்தொன்பது மேடம். எங்க அம்மாவையும் சேத்து.”