சேவ் ஆகும்வரை

நூற்பாலை மூடியதும் வேலை போய்த் தெருவில் நின்ற கதிரேசனைக் கூப்பிட்டு, கல்யாண ஆல்பம் டிசைன் செய்யக் கற்றுக்கொடுத்தவள் ரெஜினா. அவரைவிடப் பத்து வயது இளையவள். அவர் அவளை டீச்சர் என்பார், அவள் அவரை அண்ணே என்பாள். திண்டுக்கல்லில் இதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் குறைவு. அவர்கள் இருவரும் சிரித்ததில்லை.

பட்ட காலிலேயே படும் என்பார்கள். கதிரேசனுக்குக் கையில் பட்டது. மவுஸ் பிடிக்கும் மணிக்கட்டில் தொடங்கிய வலி கட்டைவிரல்வரை இறங்கி ஊசியாய்க் குத்தியது. தைலம், வெந்நீர், மந்திரித்த கயிறு எதற்கும் கேட்கவில்லை. சோற்றைப் பிசைய முடியாமல் ஸ்பூனில் சாப்பிட்டார். இந்தத் தொழிலும் போனால் இனி இன்னொன்றைக் கற்க வயதில்லை என்ற பயம் அவரைத் தின்றது.

ஒருநாள் மதியம் ரெஜினாவின் ஸ்டுடியோவுக்குப் போனார்.

"கை போச்சு டீச்சர்" என்றார்.

அவள் ஒவ்வொன்றாய் விசாரித்தாள். நாற்காலியை உயர்த்தியாயிற்று. மணிக்கட்டை மடக்காமல் நேராக வைத்தாயிற்று. இடையிடையே எழுந்து விரல்களை நீட்டி மடக்கியாயிற்று. டாக்டர் கொடுத்த மணிக்கட்டுப் பட்டையையும் கட்டிக்கொண்டு தூங்கியாயிற்று. எல்லாம் செய்தும் வலி அப்படியேதான் இருந்தது.

அவள் தன் கம்ப்யூட்டரில் அவரை உட்காரவைத்து ஆல்பத்தில் ஒரு பக்கம் செய்யச் சொன்னாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, மணப்பெண்ணின் முடியை இழை இழையாகப் பின்னணியிலிருந்து பிரித்தெடுத்தார். முடித்து சேவ் கொடுத்தார். பெரிய ஃபைல், ஆமையாய் ஊர்ந்தது.

அது முடியட்டும் என்று அவள் வீட்டு விஷயம் கேட்டாள். திரையைப் பார்த்தபடியே அவர் கொட்டித் தீர்த்தார். மகளைக் காலேஜில் சேர்க்க வேண்டும். மனைவியிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. தினமும் விடிந்ததும் வலியில் இந்தக் கையை வெட்டிப் போட்டுவிடலாம் போலிருக்கிறது. நடுவில் அவள் அவருடைய கைக்கு அடியிலிருந்து மவுஸை மெல்ல உருவி எடுத்தாள். பேச்சு மும்முரத்தில் அவர் கவனிக்கவில்லை.

"அண்ணே, கையைப் பாருங்க."

பார்த்தார். மவுஸ் இல்லை. விரல்கள் மட்டும் வளைந்து, இல்லாததை இறுக்கிப் பிடித்திருந்தன. இடது கையால்தான் அவற்றை நிமிர்த்த முடிந்தது.

அவருக்கு அழுகை வந்துவிட்டது. சேவ் ஆகட்டும் என்று காத்திருந்த நேரத்திலெல்லாம் இப்படித்தான் பிடித்திருந்தேனா என்று கேட்டார்.

"இனிமே விட்டா சரியாயிடுமா டீச்சர்?"

ரெஜினா தன் வலது கையை விரித்து மேஜைமேல் வைத்தாள். கட்டைவிரலுக்குக் கீழே சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. இடது கை நகத்தால் அந்த இடத்தை அழுத்தினாள். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

"உங்களுக்கு இன்னும் வலிக்குதுல்ல அண்ணே. எனக்கு அது நின்னுபோச்சு."